இருபதாவது கேஸ்

உங்களுக்கெல்லாம் மிட்வைஃப் பதிவு எண் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், நான் வேண்டாமென்று சொல்லமாட்டேன். என்னுடையதை என் மாமியார் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டி, வெள்ளிக்கிழமைதோறும் அதற்கும் சேர்த்துச் சூடம் காட்டினார். ஆனால் அந்த எண் கிடைப்பதற்கு முன்னால் யாரோ ஒருத்தி உங்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். இவள் கையில் ஒரு தாயையும் பிள்ளையையும் நம்பி விடலாம் என்று அதற்கு அர்த்தம். நாளைக்கு நீங்களும் யாருக்காவது போடுவீர்கள். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மற்ற வேலையெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

எழுபதுகளின் தொடக்கம். நான் நல்லம்பள்ளிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஹெல்த் விசிட்டராக இருந்தேன். பயிற்சிக்கு வரும் மிட்வைஃப் மாணவிகளைக் கிராமங்களுக்கு அழைத்துப் போவதும் அவர்களுடைய கேஸ் நோட்டில் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. ஒவ்வொரு மாணவியும் தன் கையால் இருபது பிரசவம் பார்த்திருக்க வேண்டும். இருபதுக்கும் நோட்டில் என் கையெழுத்து இருந்தால்தான் பரீட்சை. பரீட்சையில் தேறினால்தான் மெட்ராஸில் நர்சிங் கவுன்சில் புத்தகத்தில் பெயர் ஏறும். பெயர் ஏறாவிட்டால் வேலை கிடையாது.

இருபதுதானே என்று உங்களுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்குப் பிரசவமெல்லாம் வீட்டில்தான். எங்களைக் கூப்பிடுவதே அபூர்வம். கூப்பிட்டாலும், “கண்ணாலம் ஆவாத புள்ளைக்கு இதப்பத்தி என்னா தெரியும்? நீங்க பாருங்க நர்சம்மா, அது வெளிய நிக்கட்டும்” என்பார்கள். ஒரு மாணவி இருபது சேர்ப்பதற்குள் செருப்பு மூன்று ஜோடி தேய்ந்துவிடும்.

அந்த வருடம் வந்த மாணவிகளில் ஒருத்தி கௌசர். தர்மபுரி டவுனில் டிரங்குப் பெட்டி செய்கிறவரின் மகள். ஒல்லியான பெண், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். வேலையில் சுத்தம். எதிர்த்துப் பேசுவாள், எனக்கும் எதிர்த்துப் பேசினால்தான் பிடிக்கும். அவளுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். பரீட்சை முடிந்த அடுத்த மாதம் நிக்காஹ். அதற்குமேல் ஒரு நாளும் காத்திருக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இந்தத் தடவை பரீட்சை எழுதாவிட்டால் அந்த வீட்டிலிருந்து யாரும் அவளைத் திரும்பப் பரீட்சைக்கு அனுப்பப்போவதில்லை. இரண்டு வருடப் படிப்பும் அடுப்பங்கரையோடு முடிந்துவிடும். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் நோட்டில் இருபது சேர்ந்துவிட்டது, நானும் இருபதுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எப்படிப் போட்டேன் என்று கேளுங்கள். சனிக்கிழமை மதியம் மாணவிகள் நோட்டுகளை என் மேசைமேல் அடுக்கி வைப்பார்கள். நான் டீ குடித்துக்கொண்டே போட்டுத் தள்ளுவேன். ஒவ்வொன்றையும் துருவிக் கேட்டால் பிள்ளைகளைச் சந்தேகப்படுவது போல் ஆகிவிடுமே என்று எனக்கு ஒரு பெருந்தன்மை. பெருந்தன்மையாவது மண்ணாவது, சோம்பேறித்தனம்.

அந்த வருடம் பார்த்து மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு. மாணவிகளின் கேஸ் நோட்டை ஊர் மணியக்காரரின் பிறப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சேலத்திலிருந்து ஒரு நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அம்மா ஜீப்பில் வந்தார். தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து வழி அடைபட்டதில் மூன்று மணி நேரம் தாமதம். பசியும் எரிச்சலுமாக வந்து உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு கௌசரின் நோட்டைப் பிரித்தார்.

“இதுல மூணு கேஸ் இடிக்குது. மணியக்காரர் புத்தகத்துல, பிரசவம் பார்த்தது பெருமாயின்னு இருக்கு. யார் இந்தப் பெருமாயி?”

பெருமாயி பக்கத்து ஊர் மருத்துவச்சி. பரம்பரையாகப் பிரசவம் பார்க்கிறவள். ஆள் அனுப்பி வரவழைத்தோம். ஐம்பது வயதிருக்கும். நாற்காலி போட்டும் உட்காராமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இந்த மூணும் யார் பார்த்தது?” என்றார் அந்த அம்மா, பெயர்களைப் படித்துக் காட்டி.

“நாந்தானுங்க. மூணுக்கும் கொடி அறுத்தது நானு.”

சூப்பரின்டென்டென்ட் பேனாவைத் திறந்துவிட்டார். வாசற்படியில் நின்ற கௌசரின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் தொப்புள்கொடியை அறுக்கிறவள்தான் மருத்துவச்சி. பிள்ளைக்குப் பேர் வைக்கிற அன்று சேலையும் படி அரிசியும் அவளுக்குத்தான். ஆகவே பிள்ளையை யார் வாங்கினாலும் கொடியை மட்டும் பெருமாயி விட்டுக்கொடுக்கமாட்டாள். நாங்களும் கத்தியைக் கொதிக்க வைத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வோம். அது ஊரோடு நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு. மணியக்காரரும் கொடி அறுத்தவள் பேரைத்தான் எழுதிக்கொள்வார். இது சேலத்து அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

“மேடம், ஒரு நிமிஷம்” என்று நான் குறுக்கே விழுந்தேன். “பெருமாயி, அறுத்தது கிடக்கட்டும். பிள்ளையக் கையில வாங்குனது யாரு? ஒவ்வொண்ணா சொல்லு.”

“மொதல் ரெண்டும் வாங்குனது இந்தப் பொண்ணுதானுங்க. நல்லாத்தான் வாங்குச்சு. நானு அறுத்தேன்.”

“மூணாவது?”

பெருமாயி கௌசரை ஒரு பார்வை பார்த்தாள். “அதுல வாங்குனதும் நானு, அறுத்ததும் நானு. அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள புள்ள பாயில கெடந்துச்சு. தண்ணி ஊத்தித் தொடச்சுது. கண்ணுக்கு மருந்து வுட்டுது.”

சூப்பரின்டென்டென்ட் என் பக்கம் திரும்பினார். கெட்டவர் இல்லை அவர். மூன்றில் இரண்டு தேறியதில் அவருக்கே ஒரு நிம்மதி தெரிந்தது. குரலைத் தாழ்த்தி, “கிராமத்து மனுஷி, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஞாபகம் வரலாம். கையெழுத்து உங்களோடது. நீங்க கூட இருந்தீங்களா? இருந்தேன்னு சொன்னா நான் ஃபைலை மூடிடுவேன்” என்றார்.

நோட்டிலிருந்த தேதியைப் பார்த்தேன். அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை. மூத்தவனுக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு தீர்த்தமலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த சனிக்கிழமை டீ குடித்துக்கொண்டே போட்ட கையெழுத்து அது.

சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் வாயைத் திறந்தேன். உங்களிடம் பெரிய உத்தமி வேஷம் போட மாட்டேன். கௌசரின் கல்யாணம், அவள் படிப்பு, என் சர்வீஸ் புத்தகம், எல்லாமே ஒரு வார்த்தையில் காப்பாற்றப்பட்டுவிடும். ஆனால் எதிரே பெருமாயி நின்றுகொண்டிருந்தாள். நான் இருந்தேன் என்றால் அவள் பொய்க்காரி. கேட்டதற்கு உள்ளதைச் சொன்ன ஒருத்தியை, கையெழுத்துப் போடத் தெரிந்தவள் என்கிற ஒரே தைரியத்தில் நான் பொய்க்காரி ஆக்க வேண்டும்.

“நான் இல்லீங்க மேடம். தீர்த்தமலையில இருந்தேன். பார்க்காமயே போட்ட கையெழுத்து. தப்பு என்னோடது” என்றேன்.

அவர் அந்தக் கேஸைச் சிவப்பு மசியில் அடித்தார். பத்தொன்பது. பத்தாம் நாள் நோட்டுகள் மெட்ராஸுக்குப் போக வேண்டும், அதற்குள் ஒன்று சேர்ந்தால் பரீட்சை, இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். எனக்கு மெமோ பின்னால் வந்தது. ‘எச்சரிக்கப்பட்டார்’ என்று சர்வீஸ் புத்தகத்தில் ஏறி, ரிடையர் ஆகும்வரை அங்கேயே இருந்தது.

ஜீப் போனதும் கௌசர் உள்ளே வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“நான் எழுதுனது தப்புதான் சிஸ்டர். எல்லாரும் ஒண்ணு ரெண்டு இப்படி எழுதறாங்கன்னு நானும் எழுதுனேன். ஆனா நீங்க இத்தன நாளும் பாக்காமத்தானே போட்டீங்க? இன்னிக்கு மட்டும் உண்மை எங்கிருந்து வந்துச்சு?”

நான் கேஸ் பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினேன்.

பத்து நாளில் ஒரு கேஸ். நானும் அவளும் ஊர் ஊராக அலைந்தோம். அவள் என்னிடம் பேசவில்லை, ஆனால் கூட நடந்தாள். ஒரு வீட்டில் நாங்கள் போவதற்குள் பிள்ளை பிறந்து பால் குடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில், பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். மூன்றாவது வீட்டில் கௌசரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எட்டாம் நாள் காலையில் சுகாதார நிலையத்துக்குப் பெருமாயி வந்தாள்.

“எம் பொண்ணுக்கு வலி எடுத்திருச்சுங்க நர்சம்மா. தலச்சன். அந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டு வாங்க, அதே பாக்கட்டும்.”

“கௌசரா? உன் பொண்ணுக்கா?” என்றேன்.

“அன்னிக்கிப் பெரியம்மா முன்னால நீங்க என்னையப் பொய்க்காரி ஆக்கல. அந்தப் புள்ளைக்கு என்னால போனது என்னாலயே வரட்டும். இந்தத் தடவ கொடியும் அதே அறுக்கட்டும், எவ என்னா சொல்றான்னு பாத்துக்கறேன்.” சொல்லிவிட்டு, “நின்னுக்கிட்டே இருந்தா எப்புடிங்க? கெளம்புங்க!” என்று ஒரு அதட்டல்.

அவள் வீட்டுக்குள் நாங்கள் நுழையும்போது காலை பத்து மணி இருக்கும். கூரையைக் கொஞ்சம் விலக்கி வெளிச்சம் வர வைத்திருந்தார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்து, “கௌசர், இது உன் கேஸ். நான் தொட்டா நோட்டுல என் பேருதான் எழுதணும். அதனால தொடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டேன். கௌசர் தலையை ஆட்டினாள். எட்டு நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

அழகாக வேலை செய்தாள். அந்தப் பெண்ணின் காதோடு ஏதேதோ பேசிச் சிரிக்கக்கூட வைத்தாள். பெருமாயி தலைமாட்டில் உட்கார்ந்து மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. மதியம் நெருங்கும்போது தலை வந்தது. வந்த தலை அப்படியே நின்றுவிட்டது.

நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள், தோள் மாட்டிக்கொள்வது. புத்தகத்தில் அரைப் பக்கம். குழந்தையின் முகம் நீலம் பாய ஆரம்பித்தது. கௌசர் அந்தப் பெண்ணின் கால்களை மடக்கச் சொல்லி ஒரு தடவை முயன்றாள். வரவில்லை. உடனே திரும்பினாள்.

“சிஸ்டர், தோள் மாட்டிக்கிச்சு. எனக்கு வரல. நீங்க வாங்க.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இன்னொரு தடவை பாரு” என்றேன்.

இதை நான் எந்த ரிப்போர்ட்டிலும் எழுதவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன். அந்த நிமிடம் என் மண்டைக்குள் ஓடியது குழந்தை அல்ல, இருபது. இன்னும் ஒரு முக்கு முக்கினால் வந்துவிடும், கேஸ் அவளுடையதாக நிற்கும், கல்யாணமும் வேலையும் கெடாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு, கட்டிய கையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

“பாத்துட்டேன், என்னால ஆவாது! கேஸ் போனா போவுது, எழுந்து வாங்கக்கா!” என்று கத்தினாள் கௌசர். அதுவரை அவள் என்னை அக்கா என்று அழைத்ததே இல்லை.

எழுந்தேன். அவள் உடனே நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் சொன்ன இடத்தில் அடிவயிற்றை அழுத்தினாள். நான் கையை உள்ளே விட்டுத் தோளைத் திருப்பினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளை வந்தது, துணி மாதிரி தொய்ந்து. கௌசர் வாங்கித் துடைத்து, சளியை எடுத்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். பெருமாயி மகளை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு முனகல், அதன்பின் அழுகை. ஐயோ, அந்த அழுகை! பிள்ளைக்கு வலது கை இரண்டு மாதம் தூக்க வரவில்லை, அப்புறம் அதுவும் சரியாயிற்று.

எல்லாம் கழுவி முடித்தபின் பெருமாயி என் பையிலிருந்த கேஸ் நோட்டைக் காட்டினாள்.

“அந்தப் புள்ள பேரையே எழுதிக்குங்க நர்சம்மா. ஊதி உசுரக் குடுத்தது அதுதானே? யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கறேன்.”

என் மனசு நாய் மாதிரி அந்தப் பக்கம் ஓடியது. கேட்டால் சொல்ல நானே இருக்கிறேன், பெருமாயியும் இருக்கிறாள், இந்தத் தடவை பொய்க்காரி ஆகிறவள் யாரும் இல்லை. நான் நோட்டையும் பேனாவையும் எடுத்ததும் உண்மை.

கௌசர் நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடினாள். “வேணாம் ஆயா. இது அக்கா கேஸ்” என்றாள். நோட்டைப் பையில் போட்டுவிட்டு, பிள்ளைக்குப் பால் பிடிக்க வைக்க உட்கார்ந்துவிட்டாள்.

மெட்ராஸுக்கு நோட்டுகள் போயின, அவளுடையது போகவில்லை. நான் அவள் அத்தாவைப் பார்க்கப் போனேன். அவர் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். என் கையெழுத்துத் தப்பையும் ஒளிக்காமல் சொன்னேன்.

“அந்தக் கொழந்த நல்லாருக்குதுங்களா?” என்றார்.

“நல்லாருக்குதுங்க.”

“எம் பொண்ணு அழுவலீங்க. நீங்கதான் அழுவுறீங்க” என்று சொல்லி எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். “மாப்ள வூட்டுல ஆறு மாசம் டைம் கேக்கறேன். குடுத்தா பாப்போம்.”

கொடுக்கவில்லை. சம்பந்தம் முறிந்தது. அதற்கு நானும் ஒரு காரணம், அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். டவுனில் அவர்கள் ஜனங்கள் கொஞ்ச காலம் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அந்த ஆறு மாதமும் கௌசர் என்னோடுதான் சுற்றினாள். நோட்டில் மேற்கொண்டு நான்கு கேஸ் சேர்ந்தது, நான்கையும் நான் கூட இருந்து, பார்த்த அன்றே கையெழுத்துப் போட்டேன். பரீட்சை எழுதினாள், பதிவு ஆயிற்று, எங்கள் எல்லைக்குள்ளேயே ஒரு துணை நிலையத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமும் நடந்தது, அது வேறு மாப்பிள்ளை, வேறு ஊர்.

உங்களிடம் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒருத்தியின் நோட்டில் கையெழுத்துப் போடும்போது, அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று மட்டும் பார்க்காதீர்கள். தெரியாதபோது என்ன செய்கிறாள் என்று பாருங்கள். அதைக் கேட்க எந்த நோட்டிலும் கட்டம் கிடையாது. கூட நின்று பார்த்தால்தான் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மூன்றாவது பிரசவம். என் வீட்டுக்காரர் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கார் பேசுகிறேன் என்றார். எனக்குத் தெரிந்த மிட்வைஃப்களில் ஆயிரம் பிரசவம் பார்த்தவர்கள் இருந்தார்கள், எனக்குச் சீனியர்கள் இருந்தார்கள். நான் கௌசருக்கு ஆள் அனுப்பினேன். காலையிலேயே பெட்டியோடு வந்துவிட்டாள்.

வலி முற்றியபோது எனக்கும் எல்லாப் பெண்களையும் போலப் பயம் வந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “கௌசர், உன்னால ஆவலேன்னா?” என்றேன்.

“கூப்பிடுவேன்க்கா. டாக்டருக்குச் சொல்லியாச்சு, ஜீப் வாசல்லயே நிக்குது” என்றாள். “நீங்க முக்குற வேலைய மட்டும் பாருங்க.”

நான் அந்த வேலையை மட்டும் பார்த்தேன்.